வகுப்பில் படித்துக் காட்ட ஒரு நூல்

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க முற்படும்பொழுது நாம் முதலில் தேடுவது அரிச்சுவடியையே. எழுத்துகளைக் கற்றுவிட்டால் படிப்புத் தானே வந்துவிடும் என்பது நமது நம்பிக்கை. ஆனால் 247 எழுத்துகளையும் பிழையின்றி எழுதத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளை ஒரு சிறுகதையைக் கையில் எடுத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து, மூன்றாவது வரியிலேயே புத்தகத்தை மூடி வைத்துவிடுவதைத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் எத்தனையோ இல்லங்களில் காண்கிறோம். பிள்ளை சோம்பல் கொள்கிறது என்று கடிந்துகொள்கிறோம். அதே பிள்ளை இந்திக் கதையையோ ஆங்கிலக் கதையையோ உணவையும் மறந்து படிப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

குறை பிள்ளையின் அறிவில் இல்லை, கண்ணிலும் இல்லை. செவியில் இருக்கிறது. வீட்டில் நாம் பேசும் தமிழ் ஒன்று, நூலில் எழுதப்படும் தமிழ் மற்றொன்று. 'வந்துக்கிட்டிருக்காங்க' என்று தாய் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை, 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்னும் நீண்ட சொல்லை அச்சில் காணும்பொழுது, அது தனக்குத் தெரிந்த சொல்லே என்று உணர்வதில்லை. மதுரையிலோ கோவையிலோ வளரும் பிள்ளைக்கு இந்த இடர் இவ்வளவு பெரிதன்று. மேடைப் பேச்சு, வானொலிச் செய்தி, பள்ளியின் காலைக் கூட்டம், திருவிழாவின் ஒலிபெருக்கி என்று ஏதேனும் ஒரு வழியாக நூல்தமிழின் ஓசை நாள்தோறும் அதன் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. படிக்கத் தொடங்குமுன்பே அந்த ஓசை அதன் செவியில் குடிபுகுந்துவிடுகிறது. யமுனைக் கரையில் வளரும் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்?

ஆசிரியர் ஒரு நல்ல நூலை எடுத்து, வகுப்பு முழுவதும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்துக் காட்டினால் வரும். வேறு வழி அநேகமாக இல்லை. ஆகையால், எந்த நூலைப் படித்துக் காட்டுவது என்பதை ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வியாக நாம் கருதுவதற்கில்லை. நம் பிள்ளைகளின் தமிழ் பேச்சோடு நின்றுவிடுமா, நூலையும் எட்டுமா என்பதே இதைப் பொறுத்திருக்கிறது. பேச்சோடு நின்ற தமிழ் அடுத்த தலைமுறையில் பேச்சாகவும் நிற்பதில்லை என்பதை வெளியூர்த் தமிழர்களாகிய நாம் நன்கு அறிவோம்.

வகுப்பறை என்று ஒன்று இருக்கிறதா என்று சிலர் கேட்கக்கூடும். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்து தர முயல வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நமது அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தில்லியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 7 பள்ளிகளை நடத்தி வருகிறது. மும்பை மாநகராட்சியும் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தியிருக்கிறது. இவை இல்லாத ஊர்களில் தமிழ்ச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பேனும் இருக்கும். அதுவும் இல்லையாயின், நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒரு கூடத்தில் பாய் விரித்து அமர்ந்தால் அதுவும் வகுப்புத்தான். நாம் சொல்லப்போவது எல்லாவற்றிற்கும் பொருந்தும்.

படித்துக் காட்டுதல் வேறு, கதை சொல்லுதல் வேறு என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நலம். கதை சொல்லுதலின் ஆற்றலைப் பற்றி ஐயமே இல்லை. குஜராத்தில் பாவநகரில் 1920-இல் பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா 'திவாஸ்வப்ன' என்று ஒரு நூல் எழுதினார். 'பகல் கனவு' என்னும் பெயரில் அது தமிழிலும் கிடைக்கிறது. அதில் ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பைப் பொறுப்பேற்று, முதல் நாளில் பிள்ளைகளை அமைதிப்படுத்தத் தாம் போட்டு வந்த திட்டம் அடியோடு சிதறிப் போவதைக் காண்கிறார். பிறகு கதையைத் தொடங்குகிறார், வகுப்பு அடங்கிவிடுகிறது. இது எல்லா ஆசிரியர்களும் கண்ட உண்மையே. ஆயினும், நாம் கதையைச் சொல்லும்பொழுது நம்மையறியாமல் வீட்டுத் தமிழில்தான் சொல்லுகிறோம். கதை பிள்ளைக்குச் சேர்கிறது; நூல்தமிழ் சேர்வதில்லை. ஏட்டில் உள்ளபடியே படிக்கும்பொழுதுதான் அந்த வாக்கியங்களின் நடை, நிறுத்தம், ஏற்ற இறக்கம் ஆகிய யாவும் பொருளோடு கலந்து செவியில் இறங்குகின்றன. ஆகவே கதை சொல்லுவதற்கு ஒரு நாள், படித்துக் காட்டுவதற்கு ஒரு நாள் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக் கூடாது.

வெளிமாநிலப் பிள்ளைக்கு இன்னுமோர் இடர் உண்டு. தேவநாகரியிலும் வங்க எழுத்திலும் ககர வரிசையில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. தமிழிலோ எல்லாவற்றிற்கும் ஒரே 'க'. தக்காளி, தங்கம், தகரம் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. பந்தில் உள்ள பகரமும் தம்பியில் உள்ள பகரமும் ஒன்றல்ல. இரட்டித்தால் வலிக்கும், மெல்லினத்தின் பின் கனிந்து ஒலிக்கும், இரண்டு உயிர்களுக்கு இடையில் நெகிழும் என்று இலக்கணம் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இலக்கணம் எதற்கு? நூறு முறை கேட்டுவிட்டால் நாவே அறிந்துகொள்ளும். இந்தி முதலில் கற்ற பிள்ளை தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து, 'இதில் பாதி எழுத்துகளைக் காணோமே!' என்று வியந்ததை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைக்குச் செவியே அகராதி.

இனி, நூலைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? கடையில் நின்று கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நாம் செய்யும் முதல் தவறு. ஒருமுறை நாமே அவ்வாறு ஏமாந்தோம். வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு, நாட்டுத் தலைவர்களின் வரலாறு கூறும் புத்தகம் ஒன்று. பார்த்தவுடன் வாங்கிவிட்டோம். வகுப்பில் படிக்கத் தொடங்கியபொழுதுதான் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓர் ஆண்டும் இரண்டு பட்டங்களும் இருப்பது தெரியவந்தது. இரண்டாம் பக்கம் முடியுமுன் பின்வரிசைப் பிள்ளைகள் காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். படங்களைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், முப்பது பேர் உள்ள அறையில் மூன்றாம் வரிசைக்கு அப்பால் படம் எதுவும் தெரியவில்லை. அந்நூலின் மேல் குற்றமில்லை. தனியே இருந்து கண்ணால் படிப்பவருக்கு அது நல்ல நூல்தான். செவிக்கு ஏற்றதாக அது எழுதப்படவில்லை.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எந்த நூலாயினும் வாங்குமுன் நடுவிலிருந்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்போம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பாதகமில்லை. மூன்று இடங்களில் நா தடுக்கினால் அந்நூலை வைத்துவிடுவோம். மூச்சு முட்டும்படி வாக்கியம் நீண்டாலும், 'அவனுடைய', 'அவளுடைய' என்று வரிக்கு வரி வந்தாலும், அது வேற்றுமொழியிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டது என்று தெரிந்துவிடும். 1957-இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் தனது நேரு பால புத்தகாலய வரிசையில் ஒரே நூலைப் பல இந்திய மொழிகளில் வெளியிட்டு வருகிறது. விலை மலிவு, படங்கள் அழகு. ஆனால் தமிழாக்கம் நூலுக்கு நூல் வேறுபடுகிறது. சில, தமிழிலேயே பிறந்தவை போல ஓடுகின்றன, சில நொண்டுகின்றன. மேலட்டையைப் பார்த்து இதை அறிய இயலாது; நாவால்தான் அறியலாம்.

முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு, வந்ததே திரும்பத் திரும்ப வரும் கதைகளைப் போல ஏற்றவை வேறில்லை. தன் பெயரை மறந்துபோன ஈயின் கதையை நம்மில் பலர் பாட்டியிடம் கேட்டிருப்போம். கன்றைக் கேட்கிறது, கன்றின் தாயைக் கேட்கிறது, மேய்க்கும் இடையனை, அவன் கைக்கோலை, கோல் வளர்ந்த மரத்தை என்று கேட்டுக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் பட்டியல் ஒரு படி நீளுகிறது. மூன்றாம் முறையில் ஆசிரியர் வாயைத் திறக்குமுன் வகுப்பே பட்டியலைச் சொல்லத் தொடங்கிவிடும். கன்றின், தாயின், இடையனின் என்று வேற்றுமை உருபுகள் பாடமாக இல்லாமல் பாட்டாக உள்ளே போய்விடுகின்றன. கடைசியில் குதிரை கனைக்கும்பொழுது ஈக்குத் தன் பெயர் நினைவுக்கு வரும் அல்லவா, அங்கே ஆசிரியர் கனைக்க வெட்கப்படலாகாது. இந்தக் கதை அச்சில் பல வடிவங்களில் கிடைக்கிறது. பட்டியல் சுருக்கப்படாத வடிவத்தையே தேடி வாங்க வேண்டும். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்த அழ. வள்ளியப்பாவின் பாடல்களும் இந்த வயதிற்கு நல்ல துணை. எளிய சொற்கள், பிசகாத ஓசை. ஆனால் பாட்டை மட்டுமே வைத்துக்கொண்டு நின்றுவிடக் கூடாது. உரைநடையின் ஓசையும் பழக வேண்டும்.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையில் நாம் முதலிடம் தருவது பரமார்த்த குருவின் கதைக்கு. இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இதை எழுதியது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காக அன்று. புறநாட்டிலிருந்து வந்து தமிழ் கற்பவர்களின் பயிற்சிக்காக. இத்தாலியிலிருந்து வந்து தமிழைக் கற்றவர், தம்மைப்போல் வருவோருக்கு என்று எழுதிய நூல் அது. 1822-இல் பாபிங்டன் என்பவர் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டார். தமிழுக்கு வெளியே நின்று உள்ளே வர முயலும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான நூல் எது?

கதை நாம் அறிந்ததே. ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையை நீரில் வைக்கிறான் சீடன். புஸ் என்று புகைகிறது. ஆறு சினந்துவிட்டது என்று ஓடி வருகிறான். பிறகு அணைந்த கட்டையை வைத்துப் பார்த்து, தூங்கிவிட்டது என்று துணிந்து கடக்கிறார்கள். கரையேறி எண்ணினால் ஆறு பேரில் ஐவர்தாம் இருக்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை எண்ணவில்லை. இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு ஆசிரியர் பேசாமல் இருந்தால் போதும். 'தன்னை எண்ணவில்லை, தன்னை எண்ணவில்லை' என்று வகுப்பே கூவும். ஐந்தாம் வகுப்பிலும் கூவும், மூன்றாம் வகுப்பிலும் கூவும். ஆனால் பழைய பதிப்புகளில் வாக்கியங்கள் மிக நீளமானவை. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகும். ஆசிரியர் முதல் நாள் இரவே பென்சிலால் கோடிட்டு, எங்கே மூச்சு விடுவது, எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய அம்புலிமாமா இதழ்களின் கட்டுத் தொகுதிகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. 1947-இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ் அது. அக்கதைகளின் நடை செவிக்கென்றே அமைந்தது என்று சொல்லலாம். குறுகிய வாக்கியம், நிகழ்ச்சிக்கு மேல் நிகழ்ச்சி. கதையின் இறுதியில் நீதியைச் சேர்த்து அச்சிடும் நூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நீதியைப் படிக்குமுன் புத்தகத்தை மூடிவிடுவது நமது வழக்கம். கதையில் இல்லாத நீதி கடைசி வரியில் வந்து பயன் இல்லை.

வாழும் மாநிலத்தின் கதைகளைத் தமிழில் படித்துக் காட்டுவதும் மிகுந்த பயன் தருகிறது. பிரேம்சந்த் 1933-இல் எழுதிய 'ஈத்கா' என்னும் கதையை வடமாநிலப் பள்ளிகளில் பிள்ளைகள் இந்தியில் அறிந்திருப்பார்கள். பெருநாளன்று ஹமீத் என்னும் சிறுவன் கையில் 3 பைசாவோடு சந்தைக்குப் போகிறான். மற்றப் பிள்ளைகள் மண்பொம்மை வாங்க, அவன், ரொட்டி சுடும்பொழுது பாட்டியின் விரல்கள் சுடுமே என்று எண்ணி, ஓர் இடுக்கியை வாங்கி வருகிறான். தெரிந்த கதையைத் தமிழில் கேட்கும்பொழுது பிள்ளைக்குப் பொருளைப் பற்றிய அச்சம் இல்லை. மனம் முழுவதும் சொல்லின்மேல் செல்லுகிறது. இடுக்கி என்று வந்தவுடன் ஒரு பிள்ளை, 'அப்படி என்றால் என்ன?' என்று கேட்டது. 'சிம்டா' என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர்கள் தாய்மார்களும் வீட்டில் அதைச் சிம்டா என்றே சொல்லுகிறார்கள், நாமும் அப்படியே. அன்று ஒரு சொல் எல்லோர் வீட்டிற்கும் போயிற்று.

ஆறாம் வகுப்பிற்கு மேல் நிலைமை மாறுகிறது. இனித் தாங்களே படிக்கட்டுமே என்று பல ஆசிரியர்கள் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். இது பெரும் பிழை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அறிவு பன்னிரண்டு வயதிற்கு உரியது. அதன் தமிழ்ப் படிப்போ ஏழு வயதிற்கு உரியது. தானே படிக்கக்கூடிய நூல் அதற்குக் குழந்தைத்தனமாகத் தோன்றும். விரும்பக்கூடிய நூலைத் தானே படிக்க இயலாது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தமிழை விட்டுவிடுகிறார்கள். ஆசிரியரின் குரல் ஒன்றே அந்த இடைவெளியைக் கடத்திவிடும் ஓடம். ஆகவே இந்த வயதில் பிள்ளையின் படிப்பிற்கு ஏற்ற நூலைத் தேடக் கூடாது. அதன் அறிவிற்கு ஏற்ற நூலையே எடுக்க வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த 'என் சரித்திரம்' இதற்கு மிகவும் ஏற்றது. முழுவதும் அன்று, இளமைப் பருவத்து அத்தியாயங்கள். தந்தையாரின் தொழிலை ஒட்டி அரியலூர், குன்னம் என்று ஊர் விட்டு ஊர் மாறி வாழ்ந்த குடும்பம். போன இடத்திலெல்லாம் புதிய ஆசிரியரைத் தேடி அலைந்த சிறுவன். அப்பாவின் மாற்றல் உத்தரவுக்கு ஏற்ப மூன்று பள்ளிகள் மாறிய பிள்ளைக்கு அந்தச் சிறுவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நடையும் எதிரில் அமர்ந்து பேசுவது போன்றது.

தாகூர் 1892-இல் எழுதிய 'காபூலிவாலா'வையும் இந்த வரிசையில் வைப்போம். கல்கத்தா வீதியில் உலர்பழம் விற்கும் ரஹ்மத், ஐந்து வயது மினியோடு நட்புக் கொள்ளுகிறான். தொலைவில் தன் ஊரில் உள்ள மகளின் கைத்தடத்தை, கரி பூசி ஒற்றிய தாளாக, மார்போடு வைத்திருக்கிறான். ஊரைப் பிரிந்து பிழைக்க வந்தவனின் கதை. நம் பிள்ளைகளுள் சிலருடைய தந்தையர் வேறு ஊரிலோ கடல் கடந்தோ வேலை பார்க்கிறார்கள். ஆகையால் இதைப் படிக்குமுன் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆசிரியர் நினைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. படிக்காமல் விட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. படித்து முடித்தவுடன் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும் என்கிறோம். தமிழாக்கங்கள் பல உள்ளன. கைத்தடம் வரும் பக்கத்தை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, தொண்டை அடைக்கும்படி செய்கிற தமிழாக்கத்தை வாங்கிக்கொள்ளலாம்.

நீண்ட தொடர்கதையை விரும்பும் வகுப்பிற்குக் கல்கியின் 'பார்த்திபன் கனவு' இருக்கிறது. இதழில் தொடராக எழுதப்பட்டதாகையால் அத்தியாயங்கள் சிறியவை. ஒவ்வொன்றும் அடுத்ததைக் கேட்கத் தூண்டும் இடத்தில் நிற்கிறது. வாரம் ஒரு முறை கூடும் வகுப்பிற்கு இதைக்காட்டிலும் வசதி வேறென்ன? 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். ஆசையினால் அதைத் தொடங்கி, ஆண்டுத் தேர்வு வந்ததும் வந்தியத்தேவனை நடுவழியில் விட்டுவிட்டு வந்தவர்களில் நாமும் ஒருவர்.

நூல் கிடைப்பதைப் பற்றிய குறை முன்போல் இல்லை. 2004-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையத் தளத்தில் படிநிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் குழந்தை நூல்களை வெளியிட்டிருக்கிறது. இருமொழி நூலைப் படிக்கும்பொழுது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தமிழை மட்டுமே படிக்க வேண்டும். ஒரு வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம் என்று மாற்றிப் படித்தால், பிள்ளை தமிழ் வரி முடியும்வரை காத்திருந்து ஆங்கில வரியை மட்டும் கேட்டுக்கொள்ளும். இதைப் பிள்ளைகளே நம்மிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் படிப்பது? சிறு வகுப்பிற்குப் பத்து நிமிடம், பெரிய வகுப்பிற்குக் கால் மணி அல்லது இருபது நிமிடம். நடுவில் சொற்பொருள் சொல்ல நிறுத்தக் கூடாது; பக்கத்திற்கு ஒன்றிரண்டு சொற்களுக்கு மட்டும், வேகம் குறையாமல், வேறொரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் படித்துச் செல்லலாம். ஆசிரியரின் ஊர் வழக்கு வகுப்பில் உள்ளோரின் ஊர் வழக்கோடு ஒத்திராமல் போகலாம். நெல்லையிலிருந்து வந்தவர், சேலத்திலிருந்து வந்தவர், பாலக்காட்டிலிருந்து வந்தவர் என்று ஒரே பலகையில் அமர்ந்திருப்பார்கள். அதனால் தீங்கில்லை, நூல்தமிழ் எல்லோருக்கும் பொது. ழகரம் சரியாக வராத ஆசிரியரும் அஞ்ச வேண்டியதில்லை. வகுப்பில் யாரேனும் ஒரு பிள்ளைக்கு அது நன்றாக வரும். அந்தப் பிள்ளையை அழைத்து அன்றைய பக்கத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லலாம். மணி அடித்ததும் நூலைப் பையில் வைத்து எடுத்துச் செல்லாமல் மேசையின் மேலேயே விட்டுவிட்டு வர வேண்டும். நாம் விட்டு வந்த 'பார்த்திபன் கனவு' ஒரு வாரம் காணாமல் போயிற்று. திரும்பி வந்தபொழுது, நாம் பென்சிலால் இட்ட கோடுகளுக்கு அப்பால், இன்னும் நான்கு அத்தியாயங்களில் வேறு யாரோ கோடிட்டிருந்தார்கள்.